யார் கண்மட்டம்?

2024 டிசம்பர் 28, சனிக்கிழமை. மெல்போர்ன் மைதானத்தில் நிதீஷ் குமார் ரெட்டி தன் முதல் டெஸ்ட் சதத்துக்கு ஒரு ரன் தொலைவில் நின்றுகொண்டிருந்தார். மறுமுனையில் கடைசி ஆட்டக்காரர் சிராஜ். பார்வையாளர் வரிசையில் ரெட்டியின் தந்தை பிரார்த்தனையில் இருந்தார்.

தில்லியில் எங்கள் வீட்டு ஹாலில் அம்மா திவானில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு, திண்டில் சாய்ந்து, கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து டி.வி.யின் ஒலியைக் குறைக்கப் போனேன்.

“குறைக்காதே. கேட்டுண்டுதான் இருக்கேன்.”

அடுத்து பந்து எல்லையைத் தாண்டியது. வர்ணனையாளர்களின் குரல் உச்சத்துக்குப் போயிற்று. அம்மா கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்: “அந்தப் பையனோட அப்பா அழறாராடா?”

“ஆமாம்மா. காட்டறான், பாரேன்.”

அம்மா தலையை நிமிர்த்தினார். ஒரு நொடி பார்த்தார். உடனே பிடரியைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். “போதும்டா. நீ சொன்னாலே தெரியறது.”

எழுபத்தாறு வயதாகும் அம்மாவுக்குக் கிரிக்கெட் புதிய பைத்தியமல்ல. 1983 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றதை, ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் பக்கத்து வீட்டின் கறுப்பு வெள்ளைப் பெட்டியில், மூன்று வயதான என்னை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தவர். அப்படிப்பட்டவர் இரண்டு மாதமாக டி.வி.யை ரேடியோவாக மாற்றிக்கொண்டிருக்கிறார். அதே வீட்டில் இருந்துகொண்டு நான் அதைக் கவனிக்கவில்லை.

காரணம் கண்ணில் இல்லை, கழுத்தில் இருந்தது. கழுத்துக்குக் காரணம் சுவரில் இருந்தது. சுவரில் இருந்ததற்குக் காரணம் நான்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பரில் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு அதை எடுத்துச் சென்றார்கள். ஊருக்கு ஒரு பெட்டி, முன்னால் கூட்டம். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணம் வந்தது. நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்குள் பெட்டி நிலையாகக் குடியேறியது அதற்குப் பிறகுதான்.

அந்தக் காலத்துப் பெட்டி, உண்மையிலேயே பெட்டி. மரச் சட்டம், இழுத்து மூடும் மரக் கதவு, சில வீடுகளில் அதற்கொரு பூட்டு. பின்னால் படக்குழாய் யானையின் பிட்டம்போலப் புடைத்துக்கொண்டிருக்கும். இருபத்தொன்பது அங்குலப் பெட்டி நாற்பது கிலோவைத் தாண்டும். அதைச் சுவரில் மாட்டலாம் என்ற எண்ணமே யாருக்கும் வந்திருக்காது. மேஜை மேலோ, நான்கு கால் ஸ்டாண்டு மேலோதான் வைக்க முடியும். அதனால் திரை தானாகவே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு ஏறக்குறைய நேராக அமைந்துவிட்டது. 1987இல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராமாயணம் பார்க்க எங்கள் வீட்டில் கூடிய அக்கம்பக்கத்தார் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் யாரும் கழுத்து வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு பெட்டி மெலிந்து பலகையாயிற்று. இன்று நாற்பத்து மூன்று அங்குல டி.வி. எட்டு, ஒன்பது கிலோதான். அதை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். அந்தச் சுதந்திரத்தை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் வில்லங்கம். ரயில் நிலையத்திலும் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்திலும் நெடுஞ்சாலை தாபாவிலும் டி.வி. உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆட்கள் நிற்கிறார்கள், நடக்கிறார்கள், ஒருவர் தலை இன்னொருவருக்கு மறைக்கிறது. ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே அது நியாயமான உயரம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு, படுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் பார்க்கிறோம். இருந்தும் தாபா உயரத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் அது நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

2024 தீபாவளித் தள்ளுபடியில் டி.வி. வாங்கினோம். மாட்டித் தருவது இலவசம் என்றார்கள். ஒரு இளைஞர் டிரில் மெஷினும் கையுமாக வந்தார். அன்று அவருக்கு அது ஆறாவது வீடாம். ஹால் சுவரை ஒரு பார்வை பார்த்தார். எங்களுக்கு முன் குடியிருந்தவர்கள் டி.வி. மாட்டிய நான்கு ஓட்டைகள், மேலோட்டமாகப் பட்டி பூசிய நிலையில், அம்மைத் தழும்புபோலத் தெரிந்தன.

“ரெடிமேடாக ஓட்டை இருக்கு சார். இதிலேயே போட்டுவிடட்டுமா?”

எனக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி. வாடகை வீடு. தில்லியில் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த வழக்கம். எங்கள் ஒப்பந்தத்தில் ‘சுவருக்குச் சேதம் விளைவித்தால் முன்பணத்தில் பிடிக்கப்படும்’ என்று ஒரு வரி உண்டு. பழைய ஓட்டை என்றால் புதிய சேதம் இல்லை. “போடுங்கள்” என்றேன்.

இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. நாங்கள் மூவரும் எட்டி நின்று ரசித்தோம். நானும் மனைவியும் மகனும் நின்றுகொண்டுதான் ரசித்தோம் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அம்மா சமையலறையிலிருந்து அந்த இளைஞருக்கு டீ கொண்டுவந்தார். எந்த உயரம் வேண்டும் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. பகல் முழுவதும் டி.வி. பார்ப்பவர் அவர் ஒருவர்தான்.

மெல்போர்ன் ஆட்டம் நடந்த அன்று மாலை அளவு நாடாவை எடுத்தேன். அம்மா வழக்கம்போலத் திவானில் உட்கார்ந்தபோது, தரையிலிருந்து அவர் கண் 94 செ.மீ. உயரத்தில் இருந்தது. திரையின் நடுப்பகுதி 168 செ.மீ. உயரத்தில். வித்தியாசம் 74 செ.மீ. திவானுக்கும் சுவருக்கும் ஏழடி தூரம். பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்குப்படி, திரையின் நடுவைப் பார்க்கவே அம்மா சுமார் 20 டிகிரி அண்ணாந்தாக வேண்டும். மேல் விளிம்பைப் பார்க்க 25 டிகிரி. ஸ்கோரைக் கீழே போடுகிறார்களோ, பிழைத்தார்! டெஸ்ட் ஆட்டம் என்றால் ஒரு நாளைக்குத் தொண்ணூறு ஓவர். கழுத்து எலும்பு தேய்ந்த ஒருவர் அதை எத்தனை நாள் தாங்குவார்?

“ஏம்மா சொல்லலை?” என்றேன்.

“புதுசா வாங்கி ஆசையா மாட்டிருக்கேள். கழட்டச் சொல்றதா?”

வீட்டில் வயதானவர்கள் இப்படித்தான் குறை சொல்லாமல் குறைத்துக்கொள்கிறார்கள். ‘இப்போதெல்லாம் அம்மா டி.வி. பார்ப்பதே இல்லை, நல்ல பழக்கம்’ என்று நான் ஒரு நண்பரிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருந்தேன்.

இறக்கி மாட்டுவது என்று முடிவாயிற்று. இந்த முறை பேட்டையில் மின்வேலையும் தச்சு வேலையும் பார்க்கும் ஒரு மிஸ்திரியை அழைத்தேன். தர்பங்காக்காரர். இருபது வருடமாகத் தில்லிச் சுவர்களைக் குடைந்துகொண்டிருப்பவர். அவர் முதலில் செய்தது, டி.வி.யைக் கழற்றிவிட்டு, சுவரில் இருந்த பிராக்கெட்டை ஒரு கையால் மெதுவாக ஆட்டியது. மேல்பக்கத்துத் திருகு ஒன்று பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து கையோடு வந்தது. இன்னொன்றும் அப்படியே. உள்ளே மூன்று தீக்குச்சிகள் சொருகியிருந்தன.

பழைய ஓட்டை தளர்ந்திருந்தால், பிளக் பிடிக்காது. பிடிக்காத இடத்தில் குச்சி சொருகி இறுக்கமாகிவிட்டதுபோலக் காட்டியிருக்கிறார்கள். அதன் கீழேதான் என் மகன் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். மனைவி ஒன்றும் பேசாமல் அந்தத் தீக்குச்சிகளை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள்.

“இவ்வளவு நாள் விழாமல் இருந்ததே, எப்படி?” என்றேன்.

சுவரோடு ஒட்டிய பிராக்கெட் என்பதால் தப்பித்தீர்கள் என்றார் மிஸ்திரி. டி.வி. சுவரை ஒட்டி இருந்தால் பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இழுக்கும். கை நீட்டி மடக்கும் பிராக்கெட் என்றால் கதை வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது கிலோ டி.வி.யைச் சுவரிலிருந்து 40 செ.மீ. வெளியே இழுக்கிறோம், பிராக்கெட்டின் மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்றால், மேல் திருகுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை பதினெட்டு கிலோ எடைக்குச் சமம். அதாவது எடையைப்போல் இரண்டு மடங்கு. ஒரு குழந்தை பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கடையில் அந்தக் கை நீட்டும் மாடலைத்தான் வாங்கச் சொன்னார்கள். விலை அதிகம் என்று வேண்டாம் என்றேன். என் கஞ்சத்தனம் ஒரு முறை குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

அடுத்து இடம் பார்த்தோம். அம்மாவின் கண்ணுக்கு நேராக இறக்கினால், அந்த இடத்துக்குக் கீழே தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பிளக் போர்டு இருக்கிறது. மிஸ்திரி மெயினை அணைத்துவிட்டு, போர்டின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். ஒயர் போகும் பைப் போர்டிலிருந்து நேர் மேலே கூரை வரை சுவருக்குள் ஏறுகிறது. அந்தக் கோட்டைச் சுவரில் சாக்கட்டியால் வரைந்தார். நான் டி.வி.க்குக் குறித்த நடுப்புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. குறித்த இடத்தில் டிரில்லை இறக்கியிருந்தால் 230 வோல்ட்டைச் சந்தித்திருப்போம்.

“போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடக் கூடாது. பக்கத்திலும் ஒயர் போகலாம். திறந்து பார்க்காமல் தொடக் கூடாது” என்றார். ஒன்றேகால் அடி இடப்பக்கம் நகர்ந்தோம்.

பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். இது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றார். குளியலறைக்குப் பொதுவான பக்கச் சுவர் நாலரை அங்குலம்தான். தவிர, அதில் ஓதம் ஏறியிருக்கிறது. தில்லிக்காரர்கள் அதைச் ‘சீலன்’ என்பார்கள். ஓதம் ஏறிய சுவரில் காரை உதிரும், திருகு துருப்பிடிக்கும். டி.வி.க்கும் நல்லதல்ல.

டிரில் ஓடியபோது கீழே ஒரு காகிதத்தை மடித்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குப்பை விழாமல் இருக்க என்று நினைத்தேன். அவர் பொடியின் நிறத்தைப் பார்க்கிறார்! முதல் அரை அங்குலம் சாம்பல் நிறம். அது பூச்சு, எதையும் தாங்காது. அதன் பிறகு சிவப்புப் பொடி விழுந்தால் செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்தால் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் இறங்கிவிட்டோம். அங்கே பிளக் கெட்டியாக நிற்காது, ஓட்டையைச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். எங்களுக்கு மூன்று ஓட்டையில் சிவப்பு விழுந்தது. ஒன்றில் சாம்பல். பிராக்கெட்டில் மாற்றுத் துளைகள் இருந்ததால் அரை அங்குலம் நகர்த்திச் சரி செய்தார். எட்டு மி.மீ. துளை, அதே எட்டு மி.மீ. பிளக். தளர்ச்சிக்கு இடமில்லை. தீக்குச்சிக்கும்தான்.

நொய்டா, குருகிராம் பக்கம் புதிய அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் இந்தச் சிவப்புப் பொடியைத் தேடக் கூடாது. அங்கே பல கட்டடங்களில் சுவர், காற்றுக் குமிழ்கள் நிறைந்த எடை குறைந்த வெண்சாம்பல் கல். சுத்தியலடி இல்லாமல் வெறும் சுழற்சியில் துளை போட வேண்டும். அதற்கென்று உள்ள தனிப் பிளக் வேண்டும். அலுவலகங்களில் இருப்பதுபோன்ற ஜிப்சம் பலகைத் தடுப்பு என்றால், பலகையை நம்பாமல் பின்னால் உள்ள சட்டத்தைத் தேடித் திருக வேண்டும். சுவர் எல்லாம் ஒன்றுபோல் வெள்ளையடித்திருப்பதால் எல்லாம் ஒன்று என்று ஆகிவிடாது.

டி.வி.யின் முதுகில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கும். அவற்றின் இடைவெளிக்கு வெசா என்று ஓர் உலகப் பொது அளவு உண்டு. எங்கள் பெட்டிக்கு 200க்கு 200 மி.மீ. இந்த அளவும் எடையும் பொருந்துகிறதா என்று பிராக்கெட்டின் அட்டையில் பார்த்து வாங்கினால் போதும். மேலும் கீழும் சற்றுச் சாயும் பிராக்கெட் கிடைக்கிறது. உயரத்தில் மாட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உள்ள வீடுகளில், திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் படமாவது ஒழுங்காகத் தெரியும். கழுத்துக்கு அது முழுப் பரிகாரம் அல்ல.

கடைசியாக உயரம். மிஸ்திரி அம்மாவைப் பார்த்து, “மாதாஜி, நீங்கள் உட்காருகிற மாதிரி உட்காருங்கள்” என்றார். அம்மா கூச்சத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார், போட்டோவுக்கு உட்காருவதுபோல. “அப்படியில்லை, கிரிக்கெட் பார்க்கிற மாதிரி” என்றேன். திண்டில் சாய்ந்தார். கண் மூன்று செ.மீ. இறங்கியது. திரையின் நடுவை 96 செ.மீ. என்று வைத்தோம். சோபாவில் உட்காருகிற எங்களுக்கு அது கண்ணுக்குக் கொஞ்சம் கீழே. கீழ்நோக்கிப் பார்ப்பதில் கழுத்துக்கு அத்தனை சிரமம் இல்லை. டி.வி.யின் அடி விளிம்பு 68 செ.மீ.; கீழே வைக்கும் அலமாரி 60 செ.மீ. தப்பித்தது.

தமிழில் ‘கண்மட்டம்’ என்றால் அளக்காமல் குத்துமதிப்பாகப் பார்த்துச் செய்வது. முதல் முறை நாங்கள் செய்தது அந்தக் கண்மட்டம். அதுவும் எங்கள் கண்ணே இல்லை. பெயர் தெரியாத பழைய குடித்தனக்காரரின் கண். அவர் எதற்காக அந்த உயரத்தில் மாட்டினாரோ! கட்டிலிலிருந்து பார்த்தாரோ, குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது என்று நினைத்தாரோ, அவருக்கு முன் இருந்தவரின் ஓட்டையைப் பயன்படுத்தினாரோ. அவருடைய காரணம் அவரோடு போய்விட்டது. ஓட்டை மட்டும் தங்கி, எங்கள் வீட்டில் அம்மா எங்கே பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தது.

வீட்டுச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். அவர் ஓய்வு பெற்ற அதிகாரி. “எத்தனை ஓட்டை?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நான்கு என்றேன். “பழைய நான்கை ஒழுங்காக அடைத்துவிட்டுப் புதிய நான்கு போடுங்கள். கணக்கு சரியாகிவிடும்” என்றார். இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு போனைச் செய்யாமல் முன்பணத்துக்குப் பயந்து இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். பழைய ஓட்டைகளை அடைத்துப் பட்டி பார்த்து வர்ணம் தீற்ற பெயிண்டர் வாங்கியது முந்நூறு ரூபாய்.

மனைவிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. வருகிற விருந்தினர்கள், “ஏன் இவ்வளவு கீழே மாட்டியிருக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். நின்றுகொண்டே கேட்கிறார்கள். உட்காரச் சொல்கிறோம். உட்கார்ந்த பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இறக்கி மாட்டிய அன்று மாலையே, ரெட்டி சதமடித்த அந்தக் காட்சியை மகன் தேடிப் போட்டுக் காட்டினான். பந்து எல்லையைத் தாண்டுகிறது. மட்டையை ஊன்றி மண்டியிடுகிறார் பையன். மேலே வரிசையில் நிற்கும் தந்தை கண்ணீர் வழியக் கைகளை உயர்த்துகிறார். அம்மா திண்டில் சாய்ந்தபடி, தலையைச் சற்றும் அசைக்காமல், இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

“நன்னாத்தான் அழறார்” என்றார்.